கேமரா காணவில்லையாம்!

2024 நவம்பரில் நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்கிற சந்தேகத்தை என் லேப்டாப் கிளப்பிவிட்டது. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கீழ்வீட்டு அம்மாள் விஷயம் தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்குத் தெரிந்த சங்கதிதான். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் மட்டும் அக்டோபர் 1-ம் தேதியிலிருந்தே கொடுக்கலாம். எனக்கு 74 என்பதால் நவம்பர்தான். 30-ம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த மாத ஓய்வூதியம் நிற்கும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு சேர்த்து வந்துவிடும், வாஸ்தவம். ஆனால் மருந்துக் கடைக்காரருக்கும் பால்காரருக்கும் நிலுவைக் கணக்கு புரியாதே.

மற்ற வருஷங்களில் நடந்தே வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் ஒரு காபி குடித்துவிட்டு வருவேன். 2024-ல் அது முடியவில்லை. செப்டம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்குப் படி இறங்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. நான் இருப்பது கொரட்டூர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. லிஃப்ட் என்பதை நாங்கள் சினிமாவில்தான் பார்ப்போம்.

தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து சான்று எடுத்துத் தரும் ஏற்பாடு 2020-லிருந்து இருக்கிறது. வரவழைத்தேன். நல்ல மனிதர், மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். என் விரல்தான் சரியில்லை. 38 வருஷம் காகிதம் புரட்டிய விரலில் ரேகை ஏது? பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "சார், ஒண்ணும் எடுக்க மாட்டேங்குது" என்று வருத்தத்தோடு போனார். முகத்தைக் காட்டி சான்று எடுக்கும் முறை 2021 நவம்பர் 29 அன்று வந்துவிட்டது, அதற்கு ஸ்மார்ட்போன் போதும். எங்கள் வீட்டில் இருப்பது பொத்தான் போன். பக்கத்து வீட்டுப் பையன் போனில் செய்திருக்கலாமே என்பீர்கள். என் ஆதார் எண்ணையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் இன்னொருவர் போனில் ஏற்ற எனக்கு மனசு வராது. அது குமாஸ்தா புத்தி, இனி மாறாது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. வங்கியின் வலைத்தளத்தில் போய், கேமரா முன்னால் உட்கார்ந்து, வங்கி அலுவலரிடம் முகத்தையும் பான் கார்டையும் காட்டி சான்று கொடுப்பது. மகள் லியோனுக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் பேரனைப் பார்க்கிறோம். விழுந்ததிலிருந்து மகள் என் மனைவியின் போனுக்கே தினமும் பேசிவிடுவதால் சில வாரங்களாக அதைத் திறந்து பேசவில்லை. அவ்வளவுதான்.

நவம்பர் 18 காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சான்று கொடுக்க உட்கார்ந்தேன். திரை சொன்னது: உங்கள் கேமராவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சரியாக இணைத்திருக்கிறீர்களா, வைரஸ் தடுப்பு நிரல் தடுக்கிறதா, டிரைவர் புதியதா என்று பாருங்கள். கீழே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு, ஜாதகக் கட்டம் மாதிரி.

இணைத்திருக்கிறேனா என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கேமரா லேப்டாப் மூடியிலேயே புதைந்திருக்கிறது. நானா பிடுங்கி எடுத்து மாவு டப்பாவில் வைத்தேன்?

இந்த இடத்தில் கொஞ்சம் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். எனக்கு 12 வயது இருக்கும்போது, 1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் முசே வாரம் இரண்டு முறை திக்தே கொடுப்பார். அதாவது அவர் வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். தப்புக்குத் தப்பு மார்க் குறையும், சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே போகும். ஆனால் ஒன்று. ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் ஓரத்தில் அது எழுத்துப் பிழையா, ஒருமை பன்மைப் பிழையா, வெறும் கவனக்குறைவா என்று ஒரு எழுத்தில் குறித்திருப்பார். அடி வாங்கினாலும் எதற்கு வாங்கினோம் என்று தெரியும்.

பிறகு ஆங்கிலம் கற்று, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, 1972-ல் சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் வாரமே சூப்பிரண்டு சொல்லிக்கொடுத்த பாடம், எந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பினாலும் காரணம் எழுதாமல் அனுப்பாதே என்பது. பில்லில் சான்றிதழ் இல்லையா, இல்லை என்று எழுது. கையெழுத்து மாறியிருக்கிறதா, எந்த இடத்தில் என்று எழுது. வெறுமனே 'சரியில்லை' என்று திருப்பி அனுப்பிய ஒருவனை அவர் எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தி, "உனக்கே புரியாததை அவனுக்கு எப்படிப் புரியவைப்பே?" என்று கேட்டார். அந்த ஒருவன் நான்தான்.

இது எங்கள் அலுவலகத்து விசேஷம் இல்லை. செக் திரும்பி வந்தால் கூடவே ஒரு துண்டுச் சீட்டு வரும், பணம் போதவில்லை, கையெழுத்து பொருந்தவில்லை என்று. தபால்காரர் திருப்பும் கடிதத்தின் மேல் 'வீடு மாறிவிட்டார்', 'வாங்க மறுத்தார்', 'விலாசம் போதாது' என்று பென்சிலிலாவது எழுதியிருக்கும். 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. 7-வது பிரிவின் 8-வது உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒரு மனுவை நிராகரித்தால் மூன்றைச் சொல்லியாக வேண்டும்: ஏன் நிராகரித்தோம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம். உத்தியோகத்தின் கடைசி ஐந்து வருஷம் அந்த மனுக்களோடுதான் மல்லுக்கட்டினேன். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

அரசாங்கக் குமாஸ்தாவை இந்த நாட்டில் யாரும் கொண்டாடியதில்லை. மெத்தனம், சிவப்பு நாடா, 'நாளைக்கு வா' எல்லாம் எங்கள் பட்டப்பெயர்கள். போகட்டும். ஆனால் அந்தக் குமாஸ்தா கூட, மறுத்தால் காரணம் எழுதக் கடமைப்பட்டவன். குமாஸ்தாவின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் இயந்திரத்துக்கு அந்தக் கடமை இல்லையா? 'இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம், நீயே பார்த்துக்கொள்' என்பது காரணம் ஆகுமா? நான் அப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தால் சூப்பிரண்டு இந்த முறை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தியிருப்பார்.

சரி, கதைக்கு வருகிறேன். ரிப்பேர் செய்யும் பையனை வரவழைத்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம், பையனும் கெட்டவன் இல்லை. வந்ததும் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான். மூடியில் மனைவி வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இருந்தது. "என்ன சார், கம்ப்யூட்டருக்குப் பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க?" என்றான். ஆயுத பூஜை அன்று வைத்தது. "பெரியவங்க எதையாவது அமுக்கியிருப்பீங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சாதனங்களின் பட்டியலைத் திறந்தான். அதில் கேமரா என்கிற வரியே இல்லை. "பாத்தீங்களா, கேமரா மாட்யூலே போயிடுச்சு. ஸ்கிரீனைப் பிரிக்கணும். 3,500 ஆகும். பிரிக்கறப்போ ஸ்கிரீன் போனா நான் பொறுப்பில்லை. பழைய மாடல் சார், பேசாம புதுசு வாங்கிடுங்க." வந்து போனதுக்கு 300 ரூபாய். ரசீது கேட்டேன். எழுதிக் கொடுத்தான். பழுது என்ற கட்டத்தில் 'கேமரா வேலை செய்யவில்லை' என்று இருந்தது. அது எனக்கே தெரியுமே அப்பா!

மூன்றாவது மாடியில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். என் மனைவி போய் விசாரித்ததில், கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு குட்டிக் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தாள். யு.எஸ்.பி. கம்பியைச் சொருகியதும் என் முகம் வந்துவிட்டது. மறுநாளே சான்று கொடுத்துவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஓர் இளம்பெண், திரையில் வந்த எண்களை வாசிக்கச் சொன்னார், பான் கார்டைக் காட்டச் சொன்னார். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க சார்" என்றார். எல்லாம் நான்கு நிமிஷம்.

"வேலைதான் முடிஞ்சுதே, விடுங்களேன்" என்றாள் மனைவி. விட முடியவில்லை.

வெளிக் கேமரா வேலை செய்தது என்றால் இயங்குதளம் சரி, வங்கியின் வலைத்தளம் சரி, இணையம் சரி. பாதிச் சந்தேகம் ஒரே கம்பியில் தீர்ந்தது. பள்ளியின் கடைசி வகுப்பில் தத்துவப் பாடத்தில் தெக்கார்த் வைத்தார்கள். 1637-ல் அவர் எழுதிய சின்னப் புத்தகத்தில் நான்கு விதிகள் சொல்கிறார். தெளிவாகத் தெரியாததை உண்மை என்று ஏற்காதே. சிக்கலை முடிந்த அளவு துண்டு துண்டாகப் பிரி. எளிதானதிலிருந்து கடினமானதுக்குப் போ. எதையும் விட்டுவிடவில்லை என்று உறுதியாகும்வரை முழுக்க எண்ணிப் பார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். 57 வருஷம் கழித்து இடுப்பில் பிளேட்டோடு கட்டிலில் உட்கார்ந்துதான் அதன் உபயோகம் தெரிந்தது.

எளிதானதிலிருந்து தொடங்கினேன். சில லேப்டாப்களில் கேமராவுக்கு மேலே நகத்தால் தள்ளும் ஒரு மூடி உண்டு, என்னுடையதில் இல்லை. வேறு நிரல் ஏதாவது கேமராவைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி தொடங்கினேன். இல்லை. தனியுரிமை அமைப்புகளில் கேமராவுக்கு ஒரு அனுமதி, அதற்கும் கீழே உருட்டினால் இன்னொரு வகை நிரல்களுக்குத் தனியாக இன்னொரு அனுமதி. இரண்டும் திறந்தே இருந்தன. வைரஸ் தடுப்பு நிரலிலும் கேமராப் பாதுகாப்பு என்று ஒன்று இருக்குமாம், எங்கள் வீட்டில் அது இல்லை. டிரைவரைப் புதுப்பிக்கலாம் என்றால் பட்டியலில் கேமராவே இல்லை, எதைப் புதுப்பிப்பது?

இதற்கு மேல் நான்காவது விதிதான். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு விசைப்பலகையை ஒவ்வொரு விசையாகப் பார்த்தேன். மேல் வரிசையில் எஃப் 10 என்று இருக்கிற விசையில், கடுகளவுக்கு ஒரு கேமராப் படம், அதன் குறுக்கே ஒரு கோடு. அமுக்கினேன். கேமரா பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தது. என் மூக்கு திரை நிறையத் தெரிந்தது.

ஆயுத பூஜை அன்று, அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. லேப்டாப்பில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மனைவி ஈரத்துணியால் விசைப்பலகையைத் துடைத்துப் பொட்டு வைத்தாள். அப்போது அமுங்கியிருக்க வேண்டும். ஆக அந்தப் பையன் சொன்னது உண்மைதான், பெரியவர்கள் எதையோ அமுக்கித்தான் இருந்தோம். அதனால்தான் எனக்குக் கோபம் இரட்டிப்பானது.

பின்னால் மகள் விவரமாகச் சொன்னாள். லேப்டாப் மூடிக்குள் இருக்கும் கேமராவும் உள்ளே யு.எஸ்.பி. கம்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. அந்த விசையை அமுக்கினால் அந்த இணைப்பையே துண்டித்துவிடுகிறது. அதனால் இயங்குதளத்தைப் பொறுத்தவரை கேமரா என்ற ஒன்றே கிடையாது. ரிப்பேர் பையனின் பட்டியலில் வரி காணாமல் போனதும் அதனால்தான். விசைப்பலகைக்கு விஷயம் தெரியும், இயங்குதளத்துக்குத் தெரியாது. விசையை வைத்தவர்கள் ஒரு இலாகா, செய்தியை எழுதியவர்கள் இன்னொரு இலாகா. இரண்டு இலாகாவும் பேசிக்கொள்வதில்லை. ஐயா, இந்த நோய் எனக்குப் புதிதா? இதிலேயே 38 வருஷம் குப்பை கொட்டியவன் நான். எங்களைத் திட்டிவிட்டுத்தானே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள்!

அந்த விசையை அமுக்கிய நொடியில் 'கேமராவை நிறுத்திவிட்டீர்கள்' என்று திரையில் ஒரு வரி வந்திருந்தால் போதுமே. சத்தத்தைக் குறைத்தால் திரையில் படம் காட்டத் தெரிகிறது. கண்ணுக்கு வேலை வைக்கிற விஷயத்தில் மட்டும் மௌனமா?

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது என் வீட்டுக் கதை. கீழ்வீட்டு அம்மாளிடம் வருகிறேன்.

அவருக்கு 81 வயது. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். என் கதை மாடிப்படி வழியாக இறங்கி அவர் காதுக்குப் போனதும், பேரன் கையில் ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினார். "தாத்தா, காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்ககிட்ட காட்டிட்டு வரச் சொன்னாங்க பாட்டி." அக்டோபரிலேயே அதில் கேமரா வரவில்லை. கேமரா செத்துப்போச்சு என்று ஒருவர் சொல்ல, ஒரு வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னாலேயே உடைத்து 38,000 ரூபாய்க்குப் புதிது வாங்கிவிட்டார்கள்.

பழையதைத் திறந்தேன். கேமரா நிரலில் படம் பளிச்சென்று வந்தது. உலாவியில் வங்கிப் பக்கத்தில் மட்டும் வரவில்லை. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருந்த சின்னக் குறியைத் தட்டினேன். கேமரா: தடுக்கப்பட்டது. 'அனுமதி' என்று மாற்றினேன். முடிந்தது. 38,000 ரூபாய்க்கு உண்டான பழுது அவ்வளவுதான்.

யார் தடுத்தது? அவரேதான். 2024 பூரா பேப்பரில் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடிதான் செய்தி. போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வந்து, கேமராவை விட்டு நகரக்கூடாது என்று பெரியவர்களை மணிக்கணக்காக உட்காரவைத்துப் பணத்தை உருவுகிறான். அக்டோபர் 27-ம் தேதி மன் கீ பாத் நிகழ்ச்சியில் பிரதமரே இதைப் பற்றி எச்சரித்தார். முன்பின் தெரியாத இடத்தில் கேமராவைத் திறக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு சின்னப் பெட்டி தோன்றி 'கேமராவை உபயோகிக்க அனுமதிக்கவா?' என்று கேட்டதும் அந்த அம்மாள் 'வேண்டாம்' என்று தட்டினார். ஜாக்கிரதையான மனுஷி. சொன்னதைக் கேட்டார். அந்த 'வேண்டாம்' என்பதை உலாவி கல்வெட்டில் எழுதிக்கொண்டது. பிறகு ஒரு முறைகூடத் திரும்பக் கேட்கவில்லை, 'நீங்கள்தான் அன்றைக்கு வேண்டாம் என்றீர்கள்' என்று நினைவுபடுத்தவும் இல்லை. ஜாக்கிரதையாக இருந்ததற்கு அபராதம் 38,000.

அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். "போகட்டும் சார், என் தலையெழுத்து. எனக்குத்தான் இதெல்லாம் தெரியலை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எழுதவைத்தது. எனக்குத்தான் தெரியலை! நம் வயதுக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறோம். வாலிபர்களும் அதையே சொல்கிறார்கள், அன்பாக. இயந்திரமும் அதையே சொல்கிறது, மௌனமாக. ஏன் ஐயா தெரியாது? ஃபியூஸ் போனால் பீஸ் கேரியரைப் பிடுங்கிப் பார்த்து, கருகிய கம்பியை மாற்றிப் போட்ட தலைமுறை இது. ரேடியோவின் வால்வு எரிகிறதா என்று பின்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தவர்கள் நாம். பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் இந்தக் குடியிருப்பில் எத்தனை பேர்! பழுது கண்ணுக்குத் தெரிந்தால் நமக்குப் பார்க்கத் தெரியும். மறைத்து வைத்துவிட்டுக் கண்டுபிடி என்றால் வாலிபனுக்கும் தெரியாது. அந்த ரிப்பேர் பையனுக்கு வயது 25-க்கு மேல் இருக்காது, அவனுக்கு மட்டும் தெரிந்ததா?

உபயோகிப்பவர் தப்பே இல்லாமலும் நடக்கும். 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. கேமரா அனுப்பும் படத்தைக் கையாளும் விதத்தை உள்ளே மாற்றியிருந்தார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பல வெப் கேமராக்கள் உலகம் முழுக்க உறைந்து நின்றன. பிறகு அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு திருத்தம் கொண்டுவந்தது. அதற்குள் எத்தனை தாத்தா பாட்டிகள் 'நான்தான் எதையோ அமுக்கிவிட்டேன்' என்று குற்ற உணர்ச்சியோடு உட்கார்ந்திருப்பார்கள்!

ஒன்றை நியாயமாக ஒப்புக்கொள்கிறேன். பூட்டுகள் வேண்டும். கேமரா என்ற லத்தீன் சொல்லுக்கு அர்த்தமே அறை என்பதுதான், பிரெஞ்சில் நாங்கள் சொல்லும் ஷாம்ப்ர் அதே வேர். நீதிமன்றத்தில் இன் கேமரா விசாரணை என்றால் கதவை மூடிக்கொண்டு நடத்துவது. கதவை மூடத் தெரியாத அறை ஆபத்துதான். ஃபேஸ்புக் அதிபர் மார்க் ஸக்கர்பெர்க்கே தன் லேப்டாப் கேமரா மேல் டேப் ஒட்டியிருந்தது 2016-ல் ஒரு படத்தில் தெரிந்து ஊர் சிரித்தது. அவருக்கே பயம் இருந்தால் நமக்கு இருக்கக்கூடாதா? மூடி வையுங்கள், விசை வையுங்கள், அனுமதி கேளுங்கள், ஐந்து பூட்டு வேண்டுமானாலும் போடுங்கள். நான் பூட்டை எடுக்கச் சொல்லவில்லை. எந்தப் பூட்டு பூட்டியிருக்கிறது என்று சொல்லச் சொல்கிறேன்.

சொல்லாததால் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. காரணம் தெரியாதவன் என்ன செய்வான்? இணையத்தில் உதவி எண் தேடுவான். முதலில் கிடைக்கிற எண்ணில் பேசுகிறவன் இனிமையாகப் பேசி ஒரு செயலியை இறக்கச் சொல்வான், கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போய்விடும். எனிடெஸ்க் என்ற செயலியின் பெயரைச் சொல்லியே ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரிக்கை விட்டது. அந்தச் செயலி கெட்டது இல்லை, தூரத்திலிருந்து உதவி செய்ய உண்டாக்கியதுதான், திருடன் உபயோகிக்கிறான். கேமரா வரவில்லை என்றால் தயவுசெய்து தேடிக் கிடைத்த எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். மூடி, விசை, உலாவியின் ஓரத்துக் குறி, தனியுரிமை அமைப்பின் இரண்டு அனுமதிகள், இவற்றைப் பார்க்காமல் காசு கொடுக்கவும் வேண்டாம். அதன் பிறகு வெளிக் கேமரா ஒன்றை இரவல் வாங்கிச் சொருகிப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. அது வந்து, உள்ளே இருப்பது மட்டும் வரவில்லை என்றால் ஒருவேளை நிஜமாகவே செத்திருக்கலாம். அப்போதும் புது லேப்டாப் தேவையில்லை, அந்த இரவல் கேமரா மாதிரி ஒன்று வாங்கினால் போதும்.

உலகத்தில் முதல் வெப் கேமரா எதற்காக வைத்தார்கள் தெரியுமா? 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில், காபிப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று இடத்தை விட்டு எழுந்திருக்காமல் பார்ப்பதற்கு. 1993-ல் அதை வலையில் ஏற்றினார்கள், 2001-ல் நிறுத்தினார்கள். காபி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் பிறந்த சாதனத்தை இன்று மனுஷன் இருக்கிறானா இல்லையா என்று பார்க்க வைத்திருக்கிறோம். வேலை அத்தனை உயர்ந்துவிட்டது. அதற்குத் தகுந்த பொறுப்பும் வர வேண்டாமா?

என் பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனா வரை போய் வந்தவர். பிரான்ஸிலிருந்து பென்ஷன் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை 'செர்த்திஃபிகா த வீ' கொடுக்க வேண்டும், இதே உயிர்வாழ் சான்றுதான். அன்று காலை பதக்கங்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு, சைக்கிள் ரிக்‌ஷாவில் கொன்சுலாவுக்குப் போவார். சின்னப் பையனாக நானும் ஒருமுறை கூடப் போயிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்து, கால் வலி எப்படி இருக்கிறது என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். ஒரு வருஷம் ஏதோ காகிதம் குறைந்ததற்குத் திருப்பி அனுப்பினார்கள். எந்தக் காகிதம், எங்கே வாங்க வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்தார்கள். பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. வீட்டுக்கு வந்து நான்தான் வாசித்துச் சொன்னேன்.

இப்போது என் லேப்டாப்பில் எஃப் 10 விசையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'கேமரா பூட்டு' என்று எழுதியிருக்கிறேன். கீழ்வீட்டுப் பேரனும் வந்து பார்த்துவிட்டுப் போய், பாட்டியின் புது லேப்டாப்பில் அதே மாதிரி எழுதி ஒட்டினானாம். பழையதை அவனே எடுத்துக்கொண்டான், காயலான் கடைக்குப் போகவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு அணைத்துவிட்டுத்தான் துடைப்பேன் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.